கஜாவை முன்வைத்து ஒரு புயல் வழிகாட்டி: முன்னறிவிப்பு முதல் மறுநடவு வரை

2018 நவம்பர் 15 இரவு, நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை பக்கம் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முகாம்களில் படுத்திருந்தார்கள். நள்ளிரவு தாண்டி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இதே கரையை 1977 நவம்பரில் அடித்த புயலில் இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில். முன்னறிவிப்பும் முகாமும் எத்தனை உயிர்களைக் காத்திருக்கின்றன என்பது இதிலேயே தெரியும்.

ஆனால் விடிந்ததும் பார்த்தது வேறு. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் வேரோடு படுத்துவிட்டன. படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. உயிரைக் காக்க ஓரளவு கற்றுக்கொண்டோம், பிழைப்பைக் காக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அதனால்தான் இந்த வழிகாட்டி புயல் இரவோடு நிற்காமல் அதற்கு அடுத்த மாதங்களுக்கும் போகிறது. சொல்வதெல்லாம் டெல்டா கடற்கரையை மனதில் வைத்துத்தான்.

முன்னறிவிப்பை எப்படி வாசிப்பது

வங்கக் கடலில் உருவாகும் சுழற்சிக்கு வானிலை ஆய்வு மையம் காற்றின் வேகத்தை வைத்துப் பெயர் கொடுக்கிறது. மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 முதல் புயல், 89 முதல் தீவிரப் புயல், 118 முதல் மிகத் தீவிரப் புயல். டிவியில் இந்த வார்த்தைகள் வரும்போது எண்களை நினைவில் வைத்துக் கேளுங்கள். தாழ்வு மண்டலத்துக்கே கூரை பறக்காது. ஆனால் அது ஒரே நாளில் புயலாக மாறலாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அப்படித்தான் குமரிக் கடலில் திடீரென வலுத்தது. ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்குத் திரும்ப நேரமே கிடைக்கவில்லை.

எச்சரிக்கை படிப்படியாக வரும். கரையைத் தொட சுமார் 72 மணி நேரம் இருக்கும்போது முதல் அறிவிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் மஞ்சள், 24 மணி நேரத்துக்கு முன் ஆரஞ்சு, கடைசி 12 மணி நேரத்தில் சிவப்பு. துறைமுகத்தில் ஏற்றும் கூண்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

இங்கே பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று. கஜா முதலில் வட தமிழகம், தெற்கு ஆந்திரக் கரைகளை நோக்கிப் போகிறது என்றார்கள். பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்றார்கள். கடைசியில் வேதாரண்யம் பக்கம் வந்தது. கணிப்பு தப்பிவிட்டது என்று பேசுவது நியாயமில்லை. புயல் பாதையை ஒரு கோடாகப் பார்க்காமல் ஒரு பட்டையாகப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டைக்குள் உங்கள் ஊர் இருந்தால் புயல் உங்களுக்குத்தான் வருகிறது என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

கடலிலிருந்து தூரமாக இருக்கிறோம் என்ற தைரியமும் வேண்டாம். கஜா உள்ளே போன பிறகும் வலுவாகவே இருந்தது. கடல் கண்ணுக்கே தெரியாத ஆலங்குடி, கீரமங்கலம் பக்கமெல்லாம் தோப்புகள் சரிந்தன.

உங்கள் ஊர் புயலுக்கு எந்தப் பக்கம்

நம் பகுதிப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கிலிருந்து மேற்கே வரும் புயலின் முன்பக்கத்தில் காற்று வடக்கிலிருந்து அடிக்கும். மையத்துக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் கிழக்கிலிருந்து, அதாவது கடலிலிருந்து தரையை நோக்கி அடிக்கும். கடல் நீரை ஊருக்குள் தள்ளுவது இந்தக் காற்றுதான். தெற்கே இருக்கும் ஊர்களில் காற்று மேற்கிலிருந்து வரும்.

கோடியக்கரையில் நம் கரை மடங்குகிறது. அதற்கு வடக்கே கடல் கிழக்கில் இருக்கிறது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் கடல் தெற்கில். அந்தப் பக்கத்து ஊர்களில் புயலின் முன்பாதியில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போவதைப் பார்த்து நிம்மதியடையக் கூடாது. மையம் கடந்த பிறகு காற்று திரும்பித் தெற்கிலிருந்து அடிக்கும்போதுதான் பாக் நீரிணைத் தண்ணீர் கரையை நோக்கித் தள்ளப்படும். கஜாவுக்கு வழக்கமான ஓதத்தைவிடச் சுமார் 1 மீட்டர் உயரம் கடல் ஏறலாம் என்று எச்சரித்திருந்தார்கள். கடற்கரையில் வீடு கட்டியிருப்பவருக்கு 1 மீட்டர் என்றால் அடுப்படி மூழ்கும் உயரம்.

மையம் உங்கள் தலைக்கு மேலேயே போனால் காற்று சட்டென்று நின்றுவிடும். மழைகூட விடலாம். அது புயலின் கண். அப்போது வெளியே வந்து கூரையைச் சரிசெய்யவோ மாட்டைப் பார்க்கவோ போகாதீர்கள். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று வரும். முன்காற்றில் ஒருபக்கம் தளர்ந்த சுவரும் மரமும் இந்தப் பின்காற்றில்தான் விழும். வானொலியில் புயல் கடந்துவிட்டது என்று சொல்லும்வரை உள்ளேயே இருங்கள்.

இரண்டு நாள் கையில் இருக்கும்போது

முதலில் தாள்கள். கஜாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் அலுவலக வாசலில் நின்றவர்களில் பலருடைய பிரச்சினை, கையில் தாள் இல்லாததுதான். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் பாஸ்புக், பட்டா, சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீடு கட்டிய ரசீது, படகுப் பதிவுச் சான்று, மீனவர் அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்கக் கடன் ரசீது எல்லாவற்றையும் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் அடுத்தடுத்துச் சுற்றி, வாயை இறுக்கிக் கட்டி, முகாமுக்குப் போகும் பையில் வையுங்கள். ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். பயிர்க் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டும் கடைசி நாள் சம்பாவுக்குப் பெரும்பாலும் நவம்பரில் வரும். புயலும் அப்போதுதான் வரும். அக்டோபரிலேயே கட்டிவிடுவது நல்லது.

அடுத்து படம். வீட்டை நான்கு பக்கத்திலிருந்தும், தோப்பை வரிசை வரிசையாகவும், படகை எண் தெரியும்படியும், எஞ்சின், வலை, மாடு, ஆடு எல்லாவற்றையும் எடுங்கள். விழுந்த மரத்தை மட்டும் காட்டினால் முன்பு எத்தனை மரம் நின்றது என்ற கேள்வி வரும்.

அப்புறம் தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் 3, 4 லிட்டர் என்று கணக்கு வைத்து, ஒரு வாரத்துக்கு மூடி போட்ட குடங்களில் பிடித்து வையுங்கள். மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியை நிரப்பி விடுங்கள். காலித் தொட்டி காற்றில் பறந்துபோய் அடுத்த வீட்டுக் கூரையில் விழும். அரிசி, பருப்பு, தீப்பெட்டி, மெழுகுவத்தி, டார்ச், பேட்டரியில் ஓடும் ரேடியோ, தினமும் சாப்பிடும் மாத்திரை பதினைந்து நாளுக்கு. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் இருந்தால் அதற்குத் தனியாக யோசியுங்கள். கரண்ட் போனால் பிரிட்ஜும் போய்விடும், ஈரமண்ணில் வைத்த பானை கைகொடுக்கும். கையில் கொஞ்சம் ரொக்கம் வேண்டும், ஏடிஎம் வேலை செய்யாது.

கீற்றுக் கூரை என்றால் பழைய வலையை மேலே விரித்து, தடித்த கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, தரையில் ஆழமாக அடித்த முளைகளில் இழுத்துக் கட்டுங்கள். சாரத்தோடு மட்டும் கட்டினால் சாரமும் சேர்ந்து போகும். ஆஸ்பெஸ்டாஸ், தகரம் போட்டவர்கள் போல்ட்டை முடுக்கி, ஓரங்களில் மணல் மூட்டை வையுங்கள். கல்லை வைக்காதீர்கள், அது பறந்தால் ஆளைக் கொல்லும். வீட்டின் மேல் சாயும் கிளைகளை முன்கூட்டியே கழித்துவிடுங்கள். கஜாவில் போன உயிர்களில் பல, சுவர் இடிந்தும் மரம் விழுந்தும்தான் போயின.

படகும் வலையும்

ஃபைபர் படகை அலை எட்டும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் மேலே ஏற்றுங்கள். டிராக்டர் வைத்து இழுப்பதானால் ஊர்ப் பஞ்சாயத்தாரே வரிசை போட்டு வாடகையைப் பொதுவில் பேசி முடிப்பது நல்லது, கடைசி நேரத்தில் ஆளுக்கு ஆள் போட்டி போட்டால் வசதி இல்லாதவர் படகுதான் கடற்கரையில் நிற்கும். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வலையைச் சுருட்டி, உயரமான கான்கிரீட் கட்டடத்தில் வையுங்கள். படகுக்குப் படகு இடைவெளி விட்டு, இடையில் பழைய டயர்களைக் கட்டுங்கள். முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் தனித்தனிக் கயிற்றால் கட்டினால், காற்று திசை மாறும்போது படகு சுழன்று அடிபடாது.

விசைப்படகுகளை ஆற்று முகத்துவாரத்துக்குள்ளோ துறைமுகத்துக்குள்ளோ கொண்டுவந்து நங்கூரம் போடுங்கள். படகில் காவலுக்கு ஆள் இருக்கவே கூடாது. கடலில் இருப்பவருக்கு ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

மாடு, ஆடுகளைக் கட்டுத்தறியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மேட்டுக்கு ஓட்டிப்போக முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கொட்டகைக்குள் கட்டிக் கிடக்கும் மாடு கூரைக்கடியில் சிக்கிச் செத்துப்போகும். திறந்த வெளியில் இருந்தால் அதுவே இடம் பார்த்துக்கொள்ளும்.

கிளம்ப வேண்டிய நேரம்

வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள். கஜா நள்ளிரவில் வந்தது. மாலை ஆறு மணிக்குக் காற்று அவ்வளவாக இல்லையே என்று வீட்டில் தங்கியவர்கள், பன்னிரண்டு மணிக்குக் கூரை போன பிறகு இருட்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. சுனாமிக்குப் பிறகு கட்டிய பல்நோக்குப் பாதுகாப்பு மையம் பக்கத்தில் இருந்தால் அதுவே முதல் தேர்வு. இல்லையென்றால் கான்கிரீட் தளம் போட்ட பள்ளிக்கூடம்.

முகாமுக்குப் பலர் வரத் தயங்குவதற்குக் காரணம் பயமின்மை இல்லை. கழிப்பறை சரியில்லை, பெண்களுக்கு மறைவு இல்லை, வீட்டில் இருக்கும் பொருளுக்குப் பாதுகாப்பு இல்லை. இதை ஊர் முன்கூட்டியே தீர்க்கலாம். அக்டோபர் முதல் வாரம் நான்கைந்து பேர் போய் முகாமாகப் போகும் கட்டடத்தைப் பாருங்கள்: கழிப்பறைக் கதவு, தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், சாய்வுப் பாதை. குறையை எழுத்தில் கொடுங்கள். படுக்கையில் இருக்கும் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், மாதம் நெருங்கிய கர்ப்பிணிகள் யார் யார், யார் அவர்களைத் தூக்கிவருவது என்று பெயரோடு எழுதி வையுங்கள். கர்ப்பிணிகளை ஒரு நாள் முன்பே அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம், 108 வண்டி புயல் நேரத்தில் வர முடியாது.

வீட்டைப் பூட்டும்முன் மெயின் ஸ்விட்சை அணைத்து, சிலிண்டரை மூடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070.

விடிந்ததும்

அறுந்த கம்பி எதையும் தொடாதீர்கள், தாண்டாதீர்கள், கரண்ட் இல்லை என்று தெரிந்தாலும் சரி. தண்ணீர் தேங்கிய தெருவில் கோலால் தரையைத் தட்டிப் பார்த்து நடங்கள். இடிந்த கூரைக்கடியில் பாம்பு இருக்கும். சாய்ந்து நிற்கும் சுவருக்குப் பக்கத்தில் குழந்தைகளை விடாதீர்கள்.

சாலையில் விழுந்த மரத்தை அறுக்க அரசு வண்டி வரும்வரை காத்திருக்காதீர்கள். கஜாவுக்குப் பிறகு பல ஊர்களுக்கு நிவாரணம் வராததற்கு முதல் காரணம் வழி அடைபட்டதுதான். ஊருக்கு ஒரு மரம் அறுக்கும் இயந்திரமும் அதை ஓட்டத் தெரிந்த இரண்டு பேரும் இருந்தால் முதல் நாளிலேயே பிரதான சாலைவரை வழி திறந்துவிடலாம். பஞ்சாயத்துப் பணத்தில் வாங்கி வைப்பதற்கு இதைவிட உருப்படியான பொருள் எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர், மின்சாரம்: முதல் வாரங்கள்

டெல்டா ஊர்களில் கஜாவுக்குப் பின் வந்த பெரிய தவிப்பு குடிநீர்தான். நிலத்தடியில் தண்ணீர் இருந்தது, மேல்நிலைத் தொட்டி நின்றது, ஏற்ற மின்சாரம் இல்லை. டிராக்டரில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாடகைக்குத் தொட்டி நிரப்பினார்கள். ஜெனரேட்டர் வரும் நேரம் தெரியாமல் பெண்கள் குடத்தோடு குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளடங்கிய சில கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. ஆகவே, உங்கள் ஊர்த் தொட்டியின் மோட்டார் எத்தனை குதிரைத்திறன், அதை இழுக்க எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் வேண்டும், யாரிடம் இருக்கிறது என்பதை மழைக்காலத்துக்கு முன்பே எழுதி வையுங்கள். பழைய அடிபம்பைப் பழுதுபார்த்து வைப்பதும் இந்த நாளுக்காகத்தான்.

வீட்டில் ஜெனரேட்டர் ஓட்டுபவர்கள் அதை வெளியே வையுங்கள், புகை மூடிய அறையில் ஆளைக் கொல்லும். அதை நேரடியாக வீட்டு வயரிங்கில் சொருகவும் கூடாது. மின்சாரம் அப்படியே வெளிக் கம்பிக்கு ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் தொழிலாளியைத் தாக்கும். பல மாவட்டங்களிலிருந்து வந்து இடுப்பளவுச் சேற்றில் கம்பம் நட்டவர்கள் அவர்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். கடல் நீர் புகுந்த கிணற்றை இறைத்து, குளோரின் போட்ட பிறகே பயன்படுத்துங்கள். வயிற்றுப்போக்கு தொடங்கினால் 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து கலந்து அடிக்கடி கொடுங்கள்.

கணக்கெடுப்பு: விட்டுப்போகும் பெயர்கள்

கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வருமுன் சேதத்தைப் படம் எடுத்துவிடுங்கள். இறந்த மாட்டைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்குங்கள், வர முடியவில்லை என்றால் ஊர்க்காரர் நாலு பேர் நிற்கப் படம் எடுங்கள். உயிரிழப்பு என்றால் துக்கத்திலும் காவல் நிலையத்தில் பதிவும் பிரேதப் பரிசோதனையும் அவசியம், இல்லாவிட்டால் நிவாரணம் இழுத்தடிக்கும். பட்டியல் தயாரானதும் அதை ஊர்ப் பொது இடத்தில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். விட்டுப்போனவர்கள் வட்டாட்சியரிடம் மனு கொடுத்து ரசீது வாங்க வேண்டும். அங்கே நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம்.

இந்தக் கணக்கில் வராமலே போகிறவர்களைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம். தென்னைக்கு நிவாரணம் பட்டாதாரருக்குப் போகும். குத்தகைக்கு எடுத்துத் தண்ணீர் பாய்ச்சியவர் பெயர் எங்கும் இருக்காது. தேங்காய் பறிக்கிறவர், உரிக்கிறவர், மட்டையை ஊறவைத்துக் கீற்று முடைகிற பெண்கள் ஆகியோருக்கு மரமும் இல்லை, நிலமும் இல்லை. குனிந்து உட்கார்ந்து ஒரு நாளைக்கு முடையும் கீற்றின் எண்ணிக்கைதான் அவர்கள் கூலி. தோப்பு விழுந்த முதல் மாதத்தில் காய்ந்த மட்டைக்குப் பஞ்சமில்லை, அதன்பிறகு வருஷக்கணக்கில் வேலையே இல்லை. வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளிக்கும் இதே நிலைதான், பாத்தி அழிந்தால் கூலி அழிந்தது. ஊர் கூடி மனு எழுதும்போது இவர்களைத் தனிப் பட்டியலாகத் தொழிலோடு எழுதுங்கள். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் கூடுதல் நாள் வேலை கேட்பதற்கும் அந்தப் பட்டியல் உதவும்.

கடன் தவணைக்கும் உடனே பேசுங்கள். பயிர் இழப்பு 33 சதவீதமோ அதற்கு மேலோ என்று அறிவிக்கப்பட்ட பகுதியில் வங்கிகள் பயிர்க்கடனை மாற்றியமைக்க ரிசர்வ் வங்கி விதிகள் இடம் கொடுக்கின்றன. கேட்டால்தான் கிடைக்கும். கூரை இல்லாத வீட்டு வாசலில் வந்து நின்று சுயஉதவிக் குழுப் பெண்களிடம் வாரத் தவணை கேட்ட நுண்கடன் வசூலாளர்களைக் கஜாவுக்குப் பிறகு பார்த்தோம். குழுவாக ஆட்சியரிடம் புகார் கொடுங்கள், தனியாக வாதாட வேண்டாம்.

தென்னையும் நிலமும்

கஜாவுக்கு அரசு கொடுத்தது மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100. விழுந்த மரத்தை அப்படியே போட்டுவைக்கக் கூடாது. மக்கிய தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அது தப்பிப் பிழைத்த மரத்தின் குருத்தைத் துளைக்கும், அந்த ஓட்டை வழியாகச் சிவப்புக் கூன்வண்டு வரும். தண்டை அறுத்து விறகுக்கோ செங்கல் சூளைக்கோ அனுப்புங்கள், வேர்க்கட்டையையும் தோண்டி எடுங்கள். நிற்கும் மரங்களில் ஒடிந்த மட்டைகளைக் கழித்துவிட்டு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள். குருத்தே முறிந்துபோன மரம் பிழைக்காது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சாய்ந்த இளங்கன்றுகளை நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து, மண் அணைத்தால் பிடித்துக்கொள்ளும்.

மறுநடவுக்கு 25 அடிக்கு 25 அடி இடைவெளி. நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை சாப்பாட்டுக்கு ஊடுபயிர்: உளுந்து, எள், நிலக்கடலை, வாழை. மறுபடி தென்னையை மட்டுமே நம்பித் தோப்பு போடாதீர்கள். காவிரித் தண்ணீர் ஏமாற்றியதால் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறியவர்கள்தான் அந்தப் பக்கம் அதிகம், ஒரே இரவில் மொத்தமும் போனது அதனால்தான்.

கடல் நீர் நின்ற வயலில் உடனே எதையும் விதைக்க வேண்டாம். வரப்பை வெட்டி உப்புநீரை வடியுங்கள், மழைநீரைத் தேக்கித் திரும்பத் திரும்ப வடியுங்கள். மண் பரிசோதனையில் சொன்னால் ஜிப்சம் போடுங்கள், பிறகு தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். புஷ்பவனம் போன்ற ஊர்களில் கடல் கொண்டுவந்து தள்ளிய சேறு கரையை மூடிப் படகு இறக்கவே வழியில்லாமல் செய்தது. அதை மனித உழைப்பால் அள்ள முடியாது, இயந்திரம் கேட்டு மீன்வளத் துறைக்கு முதல் வாரமே எழுதுங்கள்.

தோப்பு ஓரத்திலும் குளக்கரையிலும் பனை வையுங்கள். கஜாவில் தென்னை சாய்ந்த இடத்திலெல்லாம் பனை நின்றது, போய்ப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது கொட்டையைச் சேகரித்து, பத்தடி இடைவெளியில் அரை அடிக் குழி எடுத்துப் புதைத்து, ஆடு கடிக்காமல் முள் போட்டுவிட்டால் போதும். ஐப்பசி மழையே தண்ணீர் ஊற்றிவிடும்.